நிரோஜா துடைத்தெடுத்த கொக்கிகள்

நிரோஜாவின் கை சுத்தமான கை என்ற பெயர் மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், தியாகலிங்கம் நடத்திய ஸ்டூடியோவில்தான் முதலில் கிடைத்தது. கலியாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, முதலாம் பிறந்தநாள் என்று வாரத்துக்கு நாலு அல்பமாவது வெளியே போகும். படம் எடுப்பது தியாகலிங்கம். முகத்தைத் துடைப்பது நிரோஜா. பரு, தழும்பு, நுளம்புக் கடி, உதட்டுக்கு மேலே அரும்பிய மயிர், எதுவானாலும் திரையில் அவள் நகர்த்தும் சிறு வட்டத்துக்குள் அகப்பட்டால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். மணப்பெண்கள் அல்பத்தைப் புரட்டிப் பார்த்து, இது நான்தானா என்று வெட்கத்தோடு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புத்தான் ஸ்டூடியோவின் விளம்பரம்.

ஒரே ஒரு முறைதான் பிசகியது. ஒரு வயதுக் குழந்தையின் பிறந்தநாள் அல்பம். குழந்தையின் வாய், மூக்கு, சட்டை எங்கும் சொக்லேட் கேக் அப்பியிருந்தது. அவள் பொறுமையாக அத்தனையையும் துடைத்தெடுத்தாள். சனிக்கிழமை அல்பம் வாங்க வந்த தாய் நாலு பக்கம் புரட்டினாள், ஐந்தாவது பக்கத்தில் கை நின்றுவிட்டது.

"என்ர பிள்ளையின்ர பொட்டு எங்க?"

இடது கன்னத்தில் நாவூறு படாமல் இருக்க வைத்த கறுத்த பொட்டு. அறுபது படத்திலும் இல்லை. கேக்கோடு கேக்காக நிரோஜா அதையும் துடைத்துவிட்டிருந்தாள். அந்தத் தாய் சத்தம் போடவில்லை. குழந்தையைச் சால்வைக்குள் இழுத்து மூடிக்கொண்டு, அல்பத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். தியாகலிங்கம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் சொன்னார்: "சந்தேகம் எண்டா கேளும் பிள்ளை. கேட்டா வாய் தேஞ்சு போகாது. முகத்தில கிடக்கிறதெல்லாம் ஊத்தையில்லை."

அதன்பிறகு அவள் கேட்டாள். ஒவ்வொரு மச்சத்துக்கும் தொலைபேசி எடுத்தாள். ஆனால் கேட்பது அவளுக்கு இயல்பாக வருகிற காரியம் இல்லை. பத்து வயதில் மொன்ட்ரியாலுக்கு வந்து, ஒரு சொல்லும் விளங்காத பிரெஞ்சு வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவள். கையை உயர்த்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயத்தில், ஒன்றும் கேட்காமலே முழுப் பிரெஞ்சையும் படித்து முடித்தவள். வகுப்பில் முதலாவதாக வந்த வருடமும் அவள் கை உயர்ந்ததில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. தியாகலிங்கம் ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு டொரொன்டோவில் மகளோடு போய் இருந்து பல வருடமாகிறது. நிரோஜா மொன்ட்ரியால் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், பழைய புத்தகங்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றும் பிரிவில் இருக்கிறாள். வேலை மாறவில்லை. முகங்களுக்குப் பதில் பக்கங்கள். கறை, பூஞ்சணம், புழு அரித்த ஓட்டை, ஈ இட்ட எச்சம் எல்லாவற்றையும் திரையில் துடைத்து, எழுத்தை மட்டும் பளிச்சென்று நிறுத்த வேண்டும். பொறுப்பாளர் அக்னெஸ் வெளியார் யாராவது வந்தால் நிரோஜாவின் பக்கங்களைத்தான் எடுத்துக் காட்டுவாள்.

போன வருடம் அவளிடம் வந்தது, நானூறு வருடத்துக்கு முன் பிரான்ஸில் அச்சான ஒரு லூட் புத்தகம். லூட் என்பது பிளந்த பேரிக்காய் போல வயிறு கொண்ட தந்தி வாத்தியம். அதற்கான புத்தகத்தில் ஸ்வரம் இருக்காது. தந்திகளுக்காக ஆறு கோடுகள், கோடுகளின் மேல் எந்த இடத்தில் விரல் வைக்க வேண்டும் என்று சொல்லும் எழுத்துகள், எல்லாவற்றுக்கும் மேலே தாளக் குறி. டாப்லேச்சர் என்று பெயர். அந்தப் பிரதி எப்போதோ தண்ணீரில் நனைந்திருக்கிறது. முதல் தாளே கிழிந்து போயிருந்தது. மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் பழுப்புப் புள்ளி. அக்னெஸ் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தாள். கோடு, எழுத்து, எழுத்தின் கீழே உள்ள புள்ளி, தாளக் குறி, பக்க எண் இவை இருக்க வேண்டும். வேறு எதுவும் இருக்கக்கூடாது. நிரோஜா நாலு மாதம் துடைத்தாள். முடிந்தபோது அந்தப் பக்கங்கள் நேற்று அச்சானவை போல இருந்தன.

அந்தப் பக்கங்களுக்காகக் காத்திருந்தவள் தீப்தி. சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி, இருபத்தேழு வயது, வீணை வாசிப்பாள். வாரத்தில் மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியோடு நிரோஜாவின் மேசைக்கு வந்துவிடுவாள். மாடி முழுவதிலும் தமிழில் பேசக் கிடைத்தது அந்த ஒரு மேசைதான்.

"நீர் சாப்பிட்டீரோ?" என்று நிரோஜா கேட்டால் தீப்தி கரண்டியை வைத்துவிட்டுச் சிரிப்பாள். "நீர்னு நீங்க சொன்னாலே எனக்கு ஏதோ ராஜா டிராமால நிக்கற மாதிரி இருக்குக்கா. கிரீடம் எங்கேன்னு தேடறேன்."

"கிரீடம் இல்லை, புட்டுத்தான் இருக்கு. போடட்டோ?"

"போடுங்க."

தன் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று தீப்தி புட்டுச் சாப்பிட்டுக்கொண்டேதான் விளக்கினாள். "நம்ம கமகம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஸ்வரத்த எழுதிடுவோம், அசைக்கறத எழுத மாட்டோம். பாடிக் காட்டிக் கத்துக்கறதுதான். இவங்களும் அப்படித்தான். ஆரம்பத்துல அச்சடிச்ச லூட் புக்ல பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. விரல் எங்கன்னு இருக்கும், அந்த விரல் அங்க என்ன சேட்டை பண்ணணும்னு இருக்காது. வாசிக்கறவன் தன் பேனாவுல எதையாவது கிறுக்கி வெச்சுப்பான்."

"அதையும் அச்சடிச்சிருக்கலாமே?"

"ஒவ்வொரு குறிக்கும் தனியா ஈயத்துல ஒரு அச்சு வார்க்கணும். யாருக்கு அந்தத் தலைவலி? அந்தத் தலைவலிய முதல்ல எந்த அச்சகம், எந்த வருஷம் வாங்கிக்கிச்சு, அதான் என் கேள்வி."

விடையும் அவளிடம் இருந்தது. நிரோஜா துடைத்த இந்தப் புத்தகத்தில் ஒரு அலங்காரக் குறிகூட இல்லை. அதே அச்சகம் இருபது வருடம் கழித்து வெளியிட்ட அடுத்த புத்தகத்தில் நிறைய இருக்கிறது. ஆகவே அந்த இருபது வருடத்துக்குள்தான் அந்த அச்சகத்தில் மாற்றம் வந்திருக்கிறது. இதை வைத்து ஆராய்ச்சியின் மூன்றாம் அத்தியாயத்தை எழுதிப் பேராசிரியர்களுக்கு அனுப்பியிருந்தாள். மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை, துறையில் எல்லார் முன்னாலும் அதைப் பேச வேண்டும்.

அந்த வாரத்துத் திங்கட்கிழமை மத்தியானம் தீப்தி பெட்டியைத் திறக்காமலே மடிக்கணினியைத் திறந்தாள். கிழிந்து போன முதல் தாள், அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியில், ஐரோப்பாவில் ஒரு நூலகத்தில் முழுசாக இருக்கிறதாம். ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றுதான் படம் அனுப்பியிருக்கிறார்கள்.

"முன்னுரைதான். நன்றி, வணக்கம், ராஜாவுக்குச் சலாம், அப்படித்தான் இருக்கும். பழைய பிரெஞ்சு எனக்கு நாலு வரிக்கு மேல ஏறாது. நீங்க படிச்சுச் சொல்லுங்கக்கா. வியாழக்கிழமை ஒரு ஸ்லைடு போட்டுக்கறேன்."

நிரோஜா படத்தைத் தன் பெரிய திரையில் விரித்தாள். பிரெஞ்சில் ஒரு வரி வாசிப்பதும் தமிழில் சொல்வதுமாகப் போனாள். பிரபுவுக்கு வணக்கம் வந்தது. பொறாமைக்காரருக்கு இரண்டு குத்து வந்தது. தீப்தி சிரித்தாள். அடுத்த பந்தியில் நிரோஜாவின் கண் வாயை முந்திக்கொண்டு ஓடியது. எழுத்தின் வலப்பக்கத்தில் சிறு கொக்கி போன்ற ஒன்றைக் கண்டால், மேலிருந்து விரலை இழுத்து இறக்குக. சிறு சிலுவை கண்டால் தந்தியை நடுங்கவிடுக. இந்தக் குறிகளை நல்ல கைகளுக்காக நான் வார்ப்பித்தேன்.

வரியின் நடுவே அந்தக் கொக்கியும் சிலுவையும் அச்சில் நின்றன. நகக்கண் அளவு. அவளுக்கு அவற்றைத் தெரியும். நாலு மாதம் ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறாள். ஈ எச்சம் என்று நினைத்தாள்.

திரையில் அந்தப் பந்தியைக் கீழே தள்ளிவிட்டாள்.

"என்னக்கா, நிறுத்திட்டீங்க?"

"எழுத்து மங்கலாக் கிடக்கு," என்றாள் நிரோஜா. தன் குரல் சாதாரணமாக வந்ததே அவளுக்குத் திகைப்பாக இருந்தது. "பேந்து வாசிச்சுச் சொல்லுறன்."

"பேந்து," என்று தீப்தி அதே மாதிரி இழுத்துச் சொல்லிப் பார்த்தாள். "அப்புறம்னு சொல்றதுக்கு நல்லா இருக்கு இந்த வார்த்தை. சரி, பேந்து." பெட்டியைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, நிரோஜா ஒரு வாயும் உண்ணாததைக் கவனிக்காமலே போனாள்.

துடைக்காத மூலப் படங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில், ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. வேலை முடிந்த பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. நிரோஜா அதைச் செருகி, மூலப் பக்கத்தை இடப்பக்கமும் தன் பக்கத்தை வலப்பக்கமும் வைத்தாள். மூலத்தில், பழுப்புப் புள்ளிகளுக்கு நடுவே, எழுத்துகளின் ஓரத்தில் கொக்கி, கொக்கி, சிலுவை, கொக்கி. தன் பக்கத்தில் வெறும் வெள்ளை. முப்பது பக்கம் எண்ணினாள். நானூற்றுப் பதினொன்று. அதற்கு மேல் எண்ணவில்லை.

அதைவிட மோசமான ஒன்று அறுபத்துமூன்றாம் பக்கத்தில் காத்திருந்தது. அந்தப் பக்கம் அவளுக்கு நினைவிருந்தது. அங்கே கொக்கிகள் நெருக்கமாக, எல்லாம் ஒரே அளவில், ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. ஈ இப்படி வரிசை பார்த்து எச்சம் இடுமா என்று அன்றைக்கு அவள் கை சற்று நின்றது. தீப்தி அப்போது மூன்று வார லீவில் சென்னைக்குப் போயிருந்தாள். ஒரு வரி மின்னஞ்சல் போதும். அவள் அனுப்பவில்லை. லீவில் நிற்பவளைத் தொந்தரவு செய்வானேன் என்று நினைத்தாள். துடைத்தால் பக்கம் வடிவாக இருக்கும் என்றும் நினைத்தாள். துடைத்தாள்.

திங்கட்கிழமை கணவன் நிதுசனுக்கு லீவு. மற்ற ஆறு நாளும் டவுன்டவுனில் ஒரு உணவகத்துச் சமையலறையில் நிற்பவன். மகளைக் குழந்தைகள் காப்பகமான கார்டெரியிலிருந்து கூட்டி வந்து கார்ட்டூன் முன்னால் இருத்திவிட்டு, இன்ஸ்டன்ட் நூடில்ஸுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். வேலையில் சமைக்கிறவன் வீட்டில் சமைக்க மாட்டான் என்பது அவனுடைய சட்டம்.

நிரோஜா குளிர் அங்கியைக் கழற்றாமலே கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

"ஆருக்குத் தெரியும் இது?"

"எனக்கு."

"வேற?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"பிறகேன் நீர் இப்பிடி முழிச்சுக்கொண்டு இருக்கிறீர்? நானூறு வருசத்துக்கு முந்தி ஆரோ ஒருத்தன் கொக்கி போட்டானாம். இப்ப ஆர் லூட் வாசிக்கினம்?"

"தீப்தி வியாழக்கிழமை எல்லாருக்கும் முன்னால நிண்டு, இல்லையெண்டு சொல்லப்போறா. நான் அழிச்சதாலதான் இல்லை."

"சொன்னா உம்மட வேலை போயிடும்."

"போகலாம்."

நிதுசன் அடுப்பைத் தணித்தான். "சொல்லாட்டி?"

முன்னறையிலிருந்து மகள், பசிக்கிறது என்று பிரெஞ்சில் இரண்டு தரம் கத்தினாள். நூடில்ஸைக் கோப்பையில் போட்டபடி நிதுசன் சொன்னான்: "நீர் சொல்லத்தான் போறீர். அங்கியோட இருக்கேக்கயே விளங்கிட்டுது. போய் அதைக் கழட்டும்."

செவ்வாய்க்கிழமை காலையில் அவளாகவே தீப்தியைக் கூப்பிட்டாள். இரண்டு பக்கங்களையும் திரையில் அருகருகே வைத்துவிட்டு, முன்னுரையின் அந்தப் பந்தியை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னாள். பிறகு, "இதெல்லாம் நான்தான் அழிச்சனான்," என்றாள்.

தீப்தி முதலில் சிரித்தாள். பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு திரைக்குக் கிட்டப் போனாள். சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்க, கண் மட்டும் இடமிருந்து வலமும் வலமிருந்து இடமுமாகப் போய் வந்தது.

"எத்தனை?"

"முப்பது பக்கத்தில நானூற்றுப் பதினொண்டு."

தீப்தி அருகில் இருந்த கதிரையைப் பார்க்காமலே கையால் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். நிரோஜாவுக்கு அந்தத் தாய் குழந்தையைச் சால்வைக்குள் மூடிக்கொண்ட விதம் ஞாபகம் வந்தது.

"நேத்தே தெரியும் உங்களுக்கு," என்றாள் தீப்தி கடைசியில். "மங்கலா இருக்குன்னு சொன்னீங்க."

"ஓம். பொய் சொன்னனான்."

"என் பக்கத்துல உக்காந்துகிட்டு."

"ஓம்." நிரோஜா நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். இன்னும் ஒன்று இருந்தது. "துடைக்கேக்கயும் ஒருநாள் சந்தேகம் வந்தது. அறுபத்துமூண்டாம் பக்கம். உம்மட்டக் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை."

தீப்தி எழுந்து போய்விட்டாள். கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை. நிரோஜா அக்னெஸின் அறைக்குப் போய் அதையே பிரெஞ்சில் முதலிலிருந்து சொன்னாள். அக்னெஸ் கையில் இருந்த கோப்பியை மேசையில் வைக்கப் போய், மேசைக்கு ஒரு விரல் இப்பால் வைத்தாள். கோப்பை நிலத்தில் விழுந்து உருண்டது. யாரும் குனியவில்லை. பிறகு அக்னெஸ், அந்தப் பட்டியலை நான் பார்க்க வேண்டும் என்றாள். கோப்பு அலுமாரியைக் கிளறி எடுத்தாள்.

பட்டியலின் அடியில் ஒரு பெயர் இருந்தது. தீப்தியின் பெயர். தேதி, அந்தப் புத்தகம் கிடங்கிலிருந்து மேலே வருவதற்கு இரண்டு கிழமை முந்தியது.

நிரோஜா அந்தத் தாளை நாலு மாதம் மேசையில் ஒட்டி வைத்திருந்தாள். அடியில் உள்ள பெயரை ஒரு நாளும் வாசித்ததில்லை. இதைத் தீப்திக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் அவள் அக்னெஸைக் கேட்டாள். ஆனால் வாசலில் தீப்தி நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவளுக்கே ஞாபகம் வந்து, அதற்காகத்தான் திரும்பி வந்திருந்தாள்.

"நான்தானே எழுதிக் கொடுத்தேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "இந்தக் காலத்து புக்ல அலங்காரக் குறி இருக்காதுன்னு நினைச்சுக்கிட்டு, லிஸ்ட்ல அதைச் சேர்க்கல. லிஸ்ட்ல இல்லாததை நீங்க துடைச்சீங்க. துடைச்சதைப் பாத்துட்டு, பாரு, இல்லன்னு நான் ஒரு அத்தியாயம் எழுதியிருக்கேன்."

அக்னெஸுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் புத்தகத்தையே பார்த்துவிடுவோம் என்று அவள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கிடங்கு இரண்டு மாடி கீழே. படியில் இறங்கும்போது தீப்தி சொன்னாள், ஆராய்ச்சி தொடங்கிய ஒன்றரை வருடத்தில் ஒரு தடவைகூட இங்கே இறங்கி அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை என்று. "உங்க பக்கம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சுக்கா. இது எதுக்குன்னு விட்டுட்டேன்."

சுத்தம் என்ற சொல் நிரோஜாவைக் குத்தியது. முதல் தடவையாக.

அக்னெஸ் புத்தகத்தை நுரை மெத்தைமேல் கிடத்தி, அறுபத்துமூன்றாம் பக்கத்தை விரித்து, மேல்விளக்கை அணைத்தாள். சிறு டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்து அடித்தாள். ஈய அச்சு அழுத்திய இடமெல்லாம் தாளில் பள்ளமாகி, ஒவ்வொரு எழுத்தும் ஒரு நிழலோடு நின்றது. பழுப்புப் புள்ளிகளுக்கு நிழல் இல்லை. கொக்கிகளுக்கு இருந்தது. வரிசை வரிசையாக, நானூறு வருடமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மயிரிழை நிழல். பக்கத்தின் கடைசி வரியில் அக்னெஸ் டார்ச்சை நிறுத்தினாள். அங்கே மூன்று கொக்கிகளுக்கு நிழல் இல்லை. மை வேறு. அச்சுகள் அந்தப் பக்கத்துக்குப் போதாமல் போய், யாரோ பேனாவால் போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அக்னெஸ் நிரோஜாவை வரும்படி சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேலையைப் பற்றி மேலிடம் திங்கட்கிழமை பேசும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். நிரோஜா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். தீப்தி முன்னால் வந்து, தொண்டையைச் சரிசெய்து, நீங்கள் படித்து வந்திருக்கிற அத்தியாயம் தவறு என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். கதிரைகள் அசைந்த சத்தம் கேட்டது. பெரிய திரையில் இரண்டு பக்கங்கள் எழுந்தன, இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் வெள்ளை. யாரோ ஒருவர் வாய்விட்டு, கடவுளே என்றார் பிரெஞ்சில்.

துடைத்தது யார் என்று தீப்தி சொல்லவில்லை. படங்களைத் தயாரித்தபோது நேர்ந்தது என்று கடந்து போனாள். ஆனால் முன்வரிசையில் இருந்த வயதான பேராசிரியை விடவில்லை. கோபமாக அல்ல, உண்மையாகவே அறிய விரும்பினாள். எதை வைத்து இவற்றை அழுக்கு என்று முடிவு செய்தார்கள்?

தீப்தி பட்டியலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நிரோஜா தன் கையைப் பார்த்தாள். அது காதளவுக்கு மேலே உயர்ந்திருந்தது. இருபத்திரண்டு தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. பத்து வயதில் பயந்தது போலவேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை.

"துடைத்தது நான்," என்றாள் பிரெஞ்சில். "பட்டியல் இருந்தது. ஆனால் ஒருநாள் எனக்குச் சந்தேகமும் வந்தது. ஒருவரையும் கேட்காமல் துடைத்தேன்."

"ஏன்?" என்றாள் பேராசிரியை.

நிரோஜா யோசித்தாள்.

"பக்கம் அழகாக இருக்கட்டும் என்று."

ஒருவரும் சிரிக்கவில்லை. பேராசிரியை அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகத் திரையின் பக்கம் திரும்பினாள். தீப்தி கடைசி வரிசையைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தாள். பிறகு அடுத்த படத்தைப் போட்டாள். அறுபத்துமூன்றாம் பக்கம், அழுக்கு, கறை, கொக்கி எல்லாவற்றோடும்.